அடுக்குப் பார்க்க வந்தோர் சொன்னவை

(திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்தில் புதிய கூத்தொன்றை ஆக்கிவரும் இளைஞர்கள் கூட்டிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பாராட்டுரை வழங்குவதற்காக எம்மை அழைத்திருப்பின் நாம் வந்திருக்கமாட்டோம். அரங்கேற்றத்துக்கு முன் ஒரு கூத்தைப் பாராட்டுவது, விதைத்த அன்றே சூடு மிதிக்க ஆள் தேடுவதற்கு ஒப்பாகும். நீங்கள் எம்மை அழைத்தது வேறொரு காரணத்துக்காக. குளக்கோட்டன் கதையைப் பாட்டும் ஆட்டமும் கூடிய புதுக் கூத்தாக்கி, இந்நகரின் மண்டபமொன்றில் ஒருமுறையும், கந்தளாய் நீர் பாயும் வயற்கரையூர் ஒன்றின் கோவில் வெளியில் ஒருமுறையும் ஆடிக் காட்டினீர்கள். இரண்டு இரவும் நாம் அங்கே இருந்தோம். நகரத்தார் சொன்னதும் ஊரார் சொன்னதும் ஒன்றோடொன்று மோதுகின்றன. யார் சொல்லைக் கேட்டு எதை வெட்டுவது, எதை வைப்பது என்று உங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது என்றும் கேள்விப்பட்டோம். அதுபற்றியே இன்று பேச வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லி வைக்கிறோம். அரங்கேற்றத்துக்கு முன் ஆடிக்காட்டிப் பார்த்தோர் கருத்தைக் கேட்பது மேல்நாட்டாரிடம் நாம் கடன் வாங்கிய வழக்கம் என்று உங்களுள் ஒருவர் கூறினார். அது தவறு. கிழக்கிலங்கைக் கூத்து மரபில் இதற்கு ஓர் இடமும் பெயரும் உண்டு. கூத்துப் பழகத் தொடங்கும்போது அண்ணாவியார் ஆட்டக்காரர்க்குச் சட்டம் கொடுப்பார். ஆட்டம் ஓரளவு கைவந்தபின் சதங்கை அணிவர். பிறகு கிழமைக் கூத்து நடைபெறும். அதற்கும் பின்னர், களரியேறுமுன், கூத்து முழுவதையும் ஓரிரவு ஆடிப்பார்ப்பர். அதற்கு ‘அடுக்குப் பார்த்தல்’ என்று பெயர். பேராசிரியர் சி. மௌனகுரு தமது ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்னும் நூலில் இவ்வழக்கங்களையெல்லாம் விரிவாக ஆராய்ந்துள்ளார். அடுக்குப் பார்க்க ஊரே கூடும். மத்தளத்தின் சொற்கட்டையும் ஆட்டக்காரனின் காலையும் ஒருசேர அறிந்த முதியவர்கள் முன்னால் அமர்வர். அவர்கள் காசு கொடுத்து நுழைந்தவர்கள் அல்லர். கூத்து தங்களுடையது என்ற உரிமையோடு வந்தவர்கள்.

ஆகவே நீங்கள் நடத்தியது இரண்டு அடுக்கு. இனி அவற்றில் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம்.

நகர மண்டபத்துக்கு வந்தவர்கள் வைத்தியர்கள், ஆசிரியர்கள், கச்சேரி எழுதுவினைஞர்கள், துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் தொழில் புரிவோர். அவர்கள் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். இசைக் கச்சேரியில் தட்டுவதுபோலத் தட்டினார்கள். தட்டுவது குற்றமன்று. ஆனால் ஒவ்வொரு கைதட்டலுக்கும் ஆட்டக்காரன் நின்றான். மத்தளகாரர் கையெடுத்தார். கதை மூச்சுவிட்டது. இப்படி இருபது தடவை நின்று நின்று நடந்த கூத்தைப் பார்த்துவிட்டு, ‘நீளம் அதிகம்’ என்று அவர்களே குறை சொன்னார்கள்! அவர்கள் சொன்ன வேறு குறைகளும் உண்டு. கட்டியகாரன் வரவு எதற்கு? அரசன் தன்னைத் தானே ஏன் அறிமுகம் செய்து பாடுகிறான்? தருக்களின் சொற்கள் விளங்கவில்லையே? ஆடக சவுந்தரியும் குளக்கோட்டனும் சந்திக்கும் பகுதியைப் பலரும் விரும்பினர். குளம் கட்டும் பகுதியில் சிலர் எழுந்து போயினர்.

வயற்கரையூரில் ஒருவரும் கைதட்டவில்லை. அதைக் கண்டு உங்களுள் சிலர் மனம் சோர்ந்ததை நாம் கண்டோம். சோர்ந்திருக்க வேண்டியதில்லை. எழுந்து போனவர்கள் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் சாக்கின்மேல் உறங்கினார்கள். முதியவர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். ஓரிடத்தில் பத்துப் பன்னிரண்டு கைகளும் ஒரே வேளையில் நின்றன. அங்கேதான் உங்கள் தாளக்கட்டு அறுந்தது. ஒரு சொல்லும் பேசாமல் அவர்கள் எழுதிக்கொடுத்த விமரிசனம் அது. நகரத்தில் அந்தப் பிழையை ஒருவராவது கண்டாரா? இல்லை.

மின்விசைப் பலகையின் ஓசை மத்தளத்தை விழுங்கிவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள். அது முற்றிலும் உண்மை. ஒலிவாங்கியைக் கம்பத்தில் பொருத்தி மேடை நடுவே நிறுத்தினீர்கள். அதன் பயன் என்ன? வட்டமாக ஆட வேண்டியவன் பாட்டு வரும்போதெல்லாம் அந்தக் கம்பத்தை நோக்கி ஓடினான். கட்டிய மாடு முளையைச் சுற்றுவதுபோல் அவன் ஆட்டம் அக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. களரியில் ஆடுபவன் நான்கு திசைக்கும் முகம் காட்டுகிறான். பிற்பாட்டுக்காரர் அவன் அடியை வாங்கித் திருப்பிப் பாடுகின்றனர். அந்த நேரத்தில் அவனுக்கு ஆடுவதற்கு மூச்சுக் கிடைக்கிறது. இது எத்தனை தலைமுறை கண்ட ஏற்பாடு! பிற்பாட்டை வெட்டினால் நேரம் மிச்சமாகும் என்று நகரத்தார் சொல்வதைக் கேட்டு வெட்டினீர்களானால், மிச்சமாவது நேரம், அறுந்துபோவது ஆட்டக்காரனின் மூச்சு.

இனி, எம்மை உறங்கவிடாமற் செய்த ஒரு சொல்லுக்கு வருகிறோம். குளத்தின் அணைக்கட்டு முற்றுப்பெற்று, நீர் நிறைந்து, அரசனை வாழ்த்திப் பாடிக் கூத்து முடிந்தது. ஊர் பேசாமல் இருந்தது. பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு கமக்காரர் எழுந்து சொன்னார்: “கட்டினதைக் காட்டினீங்கள் தம்பி, உடைஞ்சதை விட்டிட்டீங்கள்.”

அவர் சொன்னது எதனை என்று இங்குள்ள இளைஞர் சிலர்க்கு உடனே விளங்கியிராது. 1986 ஏப்பிரல் 20 ஆம் நாள் அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்தது. மக்கள் உறங்கிக்கொண்டிருந்த வேளை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் நீரோடு போயின. வெள்ளம் சாதி பார்க்கவில்லை, மொழி பார்க்கவில்லை. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே போர் தொடங்கிவிட்டதால், பின்வந்த பேரழிவுகளின் அடியில் அந்த அழிவு புதைந்து போயிற்று. அதைப்பற்றிய பாட்டு எங்கே? கூத்து எங்கே? நீங்கள் குளத்தைப் பற்றிப் பாடத் தொடங்கியதும் அந்தக் கமக்காரரின் நெஞ்சில் எழுந்தது குளக்கோட்டன் அல்லன், அந்த விடியற்காலை!

உங்களுள் ஒரு கட்சியார், ‘அது வேறு கதை, பழங்கதைக்குள் அதைப் புகுத்தினால் கூத்தின் இலக்கணம் கெடும்’ என்கின்றனர். மற்றக் கட்சியார், ‘புகுத்தியே தீர வேண்டும், இல்லையேல் இது பொம்மைக் கூத்து’ என்கின்றனர். இரு சாராருக்கும் ஒரு செய்தி. கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் சொல்லும் குளக்கோட்டன் கதை நமது மரபின் செல்வம். கந்தளாய்க் குளத்தை இரண்டாம் அக்கபோதி என்னும் அரசனோடு தொடர்புபடுத்துவது வரலாற்றாசிரியர் வழக்கு. கூத்துக்கு இந்த வழக்கைத் தீர்க்கும் கடமை இல்லை. கதையின்படியே பார்த்தாலும் அந்தக் குளம் எதற்காக? கோணேசர் கோவிலுக்கு நெல் விளைவிக்க, ஊருக்கு நீர் தர. அப்படியானால் அக்குளத்தால் வாழ்ந்தவர்களும் மாண்டவர்களும் அக்கதைக்குப் புறத்தார் ஆவரோ?

இலக்கணம் கெடும் என்னும் அச்சத்துக்கு விடை 1960-களிலேயே கிடைத்துவிட்டது. 1956 நவம்பர் 3 ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. பேராதனை மாணவர் ஆடிய இசைநாடகம் அது. அந்தக் காலத்துப் பேச்சுநாடகங்களுக்குப் பழகிய கண்ணுக்கு அது புதுமை. அரங்கின் அலங்காரம் குறைவு. பாட்டும் நடையும் மத்தளமும் மிகுதி. ரெஜி சிறிவர்த்தன எழுதிய விமரிசனம் அதன் சிறப்பை எடுத்துக்காட்டிற்று. அந்த நாடகத்துக்கு ஆதாரமான ‘நாடகம’ என்னும் வடிவம் எங்கிருந்து வந்தது? தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்து சென்றது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், சிங்கள அரங்கின் தலைசிறந்த ஆக்கமென்று போற்றப்பட்ட நாடகம் தமிழ்க் கூத்தின் பேரப்பிள்ளையாய்ப் பிறந்தது என்பதை அரசியல்வாதிகள் எவரும் மேடையில் கூறக் கேட்டிலோம்.

பேரப்பிள்ளை அரங்கேறிய பின்னர்தான் பாட்டியின் நினைவு நமக்கு வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஊர் ஊராய்ச் சென்று அண்ணாவிமாரைக் கண்டார், கூத்துநூல்களைப் பதிப்பித்தார், பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தாடுவித்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’, அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’, அதன்பின் ‘இராவணேசன்’. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். விடியவிடிய ஆடிய கூத்து இரண்டு மணிக்கும் குறைந்த நேரத்துள் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையானது. படித்த நகர மக்கள், தங்கள் ஊரில் தாங்களே ஏளனம் செய்த ஒன்றைப் பேராதனையிலும் கொழும்பிலும் கண்டு தலைநிமிர்ந்தார்கள். பேராசிரியரின் அருந்தொண்டை நாம் மறவோம். அதேவேளை கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சுருக்கத்தில் நீக்கப்பட்டது எது? மீண்டும் மீண்டும் வரும் அடிகள் மட்டும்தானா? சுற்றியிருந்து பார்த்த ஊரும் நீங்கிற்று. பார்வையாளர் ஒருபுறம், ஆட்டக்காரர் மறுபுறம் என்றாயிற்று. பிற்காலத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவர்தம் நண்பர்களும் இதற்கு எதிர்வழியில் சென்றார்கள். கூத்தை ஊருக்குள் வைத்தே, ஊராரோடு விவாதித்து, பெண் பாத்திரங்கள் பற்றியும் சாதி பற்றியும் பழைய பாடல்கள் சொல்வனவற்றை ஆராய்ந்து, மீளுருவாக்கம் செய்தார்கள். எந்த வழி சிறந்தது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல எம்மால் இயலாது. ஆயினும் திருகோணமலைக்கு எது பொருந்தும் என்றால், இரண்டாவதன் பக்கமே எம் மனம் சாய்கின்றது.

புதுப்பொருளைப் பழைய ஆட்டத்தில் வைக்கலாமா என்பதற்கு மௌனகுரு 1969 இல் ஆக்கிய ‘சங்காரம்’ விடை தந்தது. மக்களின் விடுதலைப் போராட்டம் வடமோடி ஆட்டத்தில் களரியேறியது. இலக்கணம் இடிந்து விழவில்லை. ஆலயப் பிரவேசப் போராட்டத்தை ‘கந்தன் கருணை’ பாடியது. யாழ்ப்பாணத்தில் அம்பலத்தாடிகள் அதனை ஆடினர். எனவே குளம் உடைந்ததைப் பாட ஆட்டமுண்டு, தாளமுண்டு. வடமோடியில் போர்க்களத்துக்குரிய விரைந்த ஆட்டம் வெள்ளத்துக்குப் பொருந்தாதா? இல்லாதது துணிவு ஒன்றே.

மேல்நாட்டார் செய்தியையும் சிறிது பார்ப்போம். 1943 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஓர் இசைநாடகத்தை முன்னோட்டமாக ஆடினார்கள். நடனக் காரிகையரின் கவர்ச்சியும் வழக்கமான சிரிப்பும் இல்லாத இது நியூயோர்க்கில் எடுபடாது என்று வந்து பார்த்த வல்லுநர் சிலர் கருதினர். ஆக்கியோர் கவர்ச்சியைச் சேர்க்கவில்லை. பெயரை மாற்றினார்கள், ஒரு பாட்டைக் குழுப்பாட்டாக உயர்த்தினார்கள். அதே மாதம் 31 ஆம் நாள் ‘ஒக்லஹோமா’ என்ற பெயரில் நியூயோர்க்கில் அரங்கேறி, 2,212 தடவை ஆடப்பெற்றது. அது கமக்காரரையும் பட்டிக்காரரையும் பற்றிய கதை. மாடு வயலில் இறங்கிய வழக்கு அங்கும் உண்டு, கிண்ணியாவிலும் உண்டு!

நமக்கு இன்னும் பயன்படுவது மற்றோர் செய்தி. 1962 இல் ரோமாபுரியைக் களமாகக் கொண்ட நகைச்சுவை இசைநாடகம் ஒன்று வாஷிங்டனில் முன்னோட்டமாக ஆடப்பட்டபோது மக்கள் சிரிக்கவில்லை. ஜெரோம் ரொபின்ஸ் என்னும் நடன ஆசிரியரை வரவழைத்துக் காட்டினார்கள். நாடகத்தின் நடுப்பகுதி எதிலும் அவர் பெரிய பிழை காணவில்லை. முதற்பாட்டே பிழை என்றார். இனிய காதற்பாட்டோடு தொடங்கியதால், இது மென்மையான நாடகம் என்று எண்ணிய மக்கள் சிரிக்கத் தயங்கினர். ஸ்டீபன் சொண்ட்ஹைம் வேறு முதற்பாட்டு எழுதினார். இன்றிரவு நகைச்சுவை என்று அப்பாட்டு மக்களுக்கு அறிவித்தது. அதன்பின் அதே நாடகத்துக்கு அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், கட்டியகாரன் வரவு எதற்கு என்று கேட்ட நகரத்தாருக்கு என்ன விடை? வருபவர் யார், இனி நிகழப்போவது என்ன, நீங்கள் எவ்வாறு இருந்து பார்க்க வேண்டும் என்று சபைக்கு அறிவிப்பவன் அவன். வாஷிங்டனில் தேடிக் கண்டுபிடித்ததை நம் அண்ணாவிமார் கையில் வைத்திருந்தார்கள். அவனை வெட்டாதீர்கள், அவன் பாட்டை மாற்றுங்கள். நகரத்தார்க்குத் தரு விளங்கவில்லை என்றால், விளங்கவைக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். குளத்தின் கதையில் கட்டுதலும் உண்டு, உடைதலும் உண்டு என்று முதலிலேயே அவன் கூறிவிட்டால், ‘வேறு கதை’ என்ற வழக்கும் எழாது.

பார்த்தவர் சொல்வதையெல்லாம் அப்படியே செய்ய வேண்டுமா? நோயாளி நோவைச் சொல்வான், மருந்தைச் சொல்லவேண்டியவர் வைத்தியர். ‘நீளம்’ என்று நகரத்தார் சொன்னது நோவு. ‘கட்டியகாரனை வெட்டு’ என்று சொன்னது அவர்கள் தாமே எழுதிக்கொண்ட மருந்துத் துண்டு. நோவை நம்புங்கள், துண்டை மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். நீளம் எங்கே இருக்கிறது என்று நாம் மணிக்கூட்டை வைத்துப் பார்த்தோம். ஆடக சவுந்தரியின் மந்திரிமார் மூவர் வந்து ஒரே செய்தியை மூன்று இராகத்தில் பாடுகின்றனர். இருவரை அனுப்பிவிடலாம். அவர்கள் பாட்டு இனிமையானதே, பாடிய தம்பிமார் வருந்தக்கூடாது.

நகரத்தாரை நாம் இகழ்கின்றோம் என்று எவரும் கொள்ள வேண்டாம். அவர்களிற் பலர் கூத்து நடக்கும் ஊர்களிலேயே பிறந்தவர்கள். நாற்பது ஐம்பது வயதினர்க்குத் தாளம் தெரியாமற் போனதற்குக் காரணம் அவர்கள் அல்லர். அவர்கள் கூத்துப் பழக வேண்டிய வயதில் இரவில் வெளியே செல்ல முடியவில்லை. மத்தளம் அடித்தால் யார் வருவார் என்று தெரியாத காலம் அது. 2006 ஏப்பிரலில் சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலர் தம் நிலத்தைக் காண 2015 வரை காத்திருந்தனர். ஊரே இல்லாதபோது களரி ஏது? ஆடக் கற்காத தலைமுறை பார்க்கவும் கற்கவில்லை. ஆகவே மண்டபத்தில் அவர்கள் கேட்ட கேள்விகளை அறியாமை என்று தள்ளாமல், கற்க வந்தோரின் கேள்விகளாகக் கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்குமுன் அரைமணி நேரம் அண்ணாவியார் மத்தளத்தோடு அமர்ந்து, வடமோடி எது, தென்மோடி எது என்று வாசித்துக் காட்டட்டும். கைதட்டும் இடம் எது என்பதும் அவர்களுக்குத் தானே விளங்கும்.

காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் ‘மயானகாண்டம்’ ஆயிரக்கணக்கான மேடைகளைக் கண்டது. கதை எல்லார்க்கும் தெரியும், முடிவும் தெரியும். ஆயினும் சுடலைக்குச் சந்திரமதி வரும்போது அழாதவர் இல்லை. பலமுறை பார்த்தவனே அவருடைய சிறந்த இரசிகன். உங்கள் கூத்தை இரண்டாம் முறை பார்க்க வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினீர்களா? நாம் எண்ணினோம். வயற்கரையூரில், நகர மண்டபத்தில் முன்பே பார்த்திருந்த நால்வர் இருந்தனர். அவர்களில் ஒருவர் மண்டபத்தில் எழுந்துபோனவர். குளம் கட்டும் பகுதியை ஊராரோடு சேர்ந்திருந்து முழுமையாகப் பார்த்தார். காரணம் கேட்டோம். ‘இங்கே எல்லாரும் எதற்காகவோ காத்திருந்தார்கள், நானும் காத்திருந்தேன்’ என்றார்.

இனிச் செய்ய வேண்டியவை. மூன்றாம் அடுக்கு ஒன்று நடத்துங்கள். அதை நகரத்திலும் வேண்டாம், அதே ஊரிலும் வேண்டாம். குளம் உடைந்த நாளை அறிந்தவர்கள் வாழும் இடத்தில் நடத்துங்கள். முஸ்லிம் அயலவரையும் சிங்கள அயலவரையும் அழையுங்கள். அன்று அவர்கள் வீட்டிலும் சாவு விழுந்தது. கட்டியகாரன் பாட்டைச் சிங்களத்திலும் இரண்டு அடி பாடினால் குறைந்தா போவோம்? வெள்ளப் பகுதியை எழுதுமுன், எழுந்து பேசிய அந்தக் கமக்காரரிடம் சென்று கேளுங்கள். அவர் இசைந்தால் மட்டும் அவர் சொல்வதை எழுதுங்கள். பெயரைக் கூத்தில் வைக்காதீர்கள். ஒலிவாங்கிக் கம்பத்தை எடுத்துவிடுங்கள். மின்விசைப் பலகை வேண்டுமெனில் மத்தளத்துக்குக் கீழே இருக்கட்டும். அரங்கேற்றத்துக்கு ஐப்பசியைக் குறித்திருக்கிறீர்கள்; அது பெரும்போக விதைப்புக் காலம், மழையும் பிடித்துவிடும். கமக்காரர் வரமாட்டார், களரியும் சேறாகும். பெரும்போகச் சூடு அடித்து, நெல் வீடு சேர்ந்தபின், பங்குனியில் ஒரு நிலவு நாளைப் பாருங்கள். மந்திரிமார் இருவரை நீக்குவது பற்றி அந்தத் தம்பிமாரோடு இன்றிரவே பேசிவிடுங்கள். பிற்பாட்டுக்கு இரண்டு குரல் குறைவாகவே இருக்கிறது.